அம்சவல்லி நிறுத்திய மாத்திரை

தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அம்சவல்லியின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்பத்தொரு ஜாக்கெட் துணிகள் அடுக்கிக் கிடந்தன. அன்று காலையில் கொக்கி வைத்துத் தைக்க உட்கார்ந்தவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நூல் நுனியை நாக்கில் நனைத்து முறுக்கிப் பார்த்தாள். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது, பிறகு தெரியவே இல்லை.

நாற்பத்தொரு வயதாகிறது, வெள்ளெழுத்தாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அரை மணிக்கு ஒரு சொம்பு அவளுக்குத் தேவைப்பட்டது. குடித்த தண்ணீர் உடனே சிறுநீராக இறங்கியது. ராத்திரியில் மட்டும் ஏழு தடவை எழுந்து போனாள். அதை நினைத்து அவள் சந்தோஷப்பட்டாள் என்றால் நம்ப மாட்டீர்கள். காரணம் இருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்புதான் அவளுக்குச் சென்னையில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். அதற்கு முந்தைய ஒன்றரை வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், டயாலிசிஸ். அந்த ஒன்றரை வருஷமும் சிறுநீர் என்று ஒன்று அவள் உடம்பை விட்டு இறங்கியதே இல்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டிலோரம் தொங்கிய பையில் மஞ்சளாக நிறைந்ததைப் பார்த்து அவள் அழுதாள். சிறுநீரகத்தைக் கொடுத்த ஆள் வேறொரு வார்டில் படுத்துக்கொண்டு, நர்சை விட்டு, "எத்தன லிட்டர் போயிருக்கு, கேட்டுட்டு வாங்க" என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

கொடுத்தவன் அவள் கணவன் நெடுமாறன். மன்னார்குடிக்கு இருபது நிமிஷத் தூரத்தில், பாமணி ஆற்றங்கரையில் அவர்கள் ஊர். அவன் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். நெடுமாறன் ஒன்பது மா நிலத்தை, ஏறக்குறைய மூன்று ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தான். அறுப்புக் காலத்தில் அறுவடை மிஷின் ஓட்டினான். ஒரே மகள் தமிழ்நிலா, மன்னார்குடியில் கல்லூரி இரண்டாம் வருஷம்.

நெடுமாறன் கொடுப்பதாகச் சொன்னபோது அவனுடைய அக்கா வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்சவல்லி காதில் விழும்படியே பேசினாள். "புருஷனுக்குப் பொண்டாட்டி குடுத்துக் கேள்விப்பட்டிருக்கேன். பொண்டாட்டிக்கு ஆம்பள குடுத்து எங்கடா கேட்டிருக்க? வயல்ல எறங்குற ஒடம்பு. குடுத்தது நாளைக்கு வீணாப் போச்சுன்னா என்னடா பண்ணுவ?"

நெடுமாறன் எழுந்து வெளியே போய்விட்டான். அந்தக் கேள்வி மட்டும் அம்சவல்லியிடம் தங்கிவிட்டது.

தஞ்சாவூரில் மாதாமாதம் அவளைப் பார்த்தவர் டாக்டர் அஃப்ரீன். அந்தத் தீபாவளி மாதம் போனபோது நெடுமாறன் மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவள் மட்டும்தான் உள்ளே போனாள்.

"கிட்னி ரொம்ப நல்லா இருக்கும்மா. ரத்தத்துல கழிவு எவ்வளவு தங்குதுன்னு காட்டற கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒண்ணுதான்" என்றார் டாக்டர். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பினார். "இதைத்தான் கவனிக்கணும். வெறும் வயித்துல நூத்துப் பதினெட்டு. சாப்பிட்ட பிறகு முந்நூத்துப் பன்னிரண்டு."

அம்சவல்லி கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"சுகருங்களா, டாக்டர்?"

"ஆமாம்மா. மாற்று உறுப்பு வச்சவங்க நிறைய பேருக்கு இது வரும். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு மாத்திரை குடுக்கறோம்ல, அதுல ஸ்டீராய்டும் இன்னொண்ணும் சர்க்கரையை ஏத்தும். ஸ்டீராய்டு காலைல போடறீங்க. அதனால காலைல பார்த்தா சாதாரணமாத் தெரியும், மத்தியானத்துக்கு மேல ஏறும். மருந்து இருக்கு, சமாளிச்சுடலாம். ஒண்ணே ஒண்ணு, அந்த மாத்திரைகள்ல நீங்களா கை வைக்கக் கூடாது. கேட்டுச்சாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். உண்மையில் 'சுகர்' என்ற சொல்லுக்குப் பிறகு அவள் காதில் அதிகம் விழவில்லை. அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரை முதலில் கட்டைவிரலை எடுத்தது. பிறகு பாதத்தை. பிறகு முழங்கால் வரைக்கும். அப்புறம் கண். கடைசி வருஷத்தில் சிறுநீரகம். அவளுக்குச் சிறுநீரகம் பழுதானது சர்க்கரையால் அல்ல. காரணம் இன்னதென்று யாராலும் சொல்ல முடியாத பழுது அது. ஆனால் இப்போது சர்க்கரை அவளுக்குள்ளும் வந்துவிட்டது. அது தின்னப் போவது நெடுமாறனுடைய சிறுநீரகத்தை.

வெளியே பெஞ்சில் சுவாமிமலையிலிருந்து வரும் கோவிந்தராசு உட்கார்ந்திருந்தார். சிலை வார்க்கும் பட்டறையில் வேலை. மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஆறு வருஷம் ஆனவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னாள்.

"அட, எனக்கும் வந்துச்சும்மா. எல்லாம் அந்த ஸ்டீராய்டு பண்ற வேல. எனக்கு அத நிறுத்திட்டாங்க. சுகர் தானா எறங்கிருச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய டாக்டர், அவருடைய ரத்தத்தைப் பார்த்து, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தியதை அவர் விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் மனசில் போய் உட்கார்ந்தது ஒரே ஒரு வார்த்தை: நிறுத்திட்டாங்க.

மருந்துப் பையோடு வந்த நெடுமாறன், "என்ன சொன்னாங்க?" என்றான்.

"எல்லாம் நல்லாருக்காம். ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"இது என்ன, புதுசா ஒரு மாத்திர எழுதியிருக்காங்க?"

"சத்து மாத்திரங்க."

அவன் பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்து வடுவூர் வரைக்கும் நிம்மதியாகத் தூங்கினான். தூங்கும் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். இருபத்தொரு வருஷத்தில் அவனிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது.

மறுநாள் காலையில் சுகருக்கு எழுதிய புது மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஸ்டீராய்டான அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைப் பாதியாக உடைத்தாள். பாதியைப் போட்டுக்கொண்டாள், பாதியைக் கழுநீர்ப் பானையில் போட்டாள். மன்னார்குடிக்குப் போய்ச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து, யாரும் தொடாத லைனிங் துணிகளுக்கு அடியில் வைத்தாள். தினமும் நாலு மணிக்கு, மகள் கல்லூரியிலிருந்து வருமுன், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு விரலைக் குத்தினாள். தைக்கிற கை என்பதால் விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினாள். இருநூற்று எண்பத்தெட்டு. மூன்று நாள் கழித்து இருநூற்று நாற்பது. சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். பிறகு மத்தியானச் சோற்றையே விட்டு மோர் மட்டும் குடித்தாள். பத்தாம் நாள் அந்த வெள்ளை மாத்திரையைப் போடுவதையே விட்டாள்.

நூற்று அறுபத்து நாலு.

அந்த எண்ணைப் பார்த்தபோது அவளுக்குக் கோவிலுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. கண்ணும் தெளிந்துவிட்டது. நாற்பத்தொரு ஜாக்கெட்டையும் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே தைத்துக் கொடுத்தாள். யாருக்கும் தெரியாமல், யாரையும் கலவரப்படுத்தாமல், தானே வந்த ஆபத்தைத் தானே விரட்டிவிட்டதாக நினைத்தாள். ஆனால் நெடுமாறன் அவளை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் துணியை மடிப்பதுபோலக் குனிந்துகொண்டாள். எங்கே கேட்டுவிடுவானோ என்று.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதம் தஞ்சாவூர் போகவேண்டிய நாளில் ரோட்டில் தண்ணீர் ஓடியது. "மழ விடட்டும், அடுத்த வாரம் போவோம்" என்று அவளே சொன்னாள். ரத்தம் எடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயம் அவளுக்கு.

ஒரு காலையில் வழக்கம்போல எடை பார்த்தாள். ஐம்பத்து நாலு இருந்தது ஐம்பத்தேழு காட்டியது. சோறும் இல்லாமல் எப்படி மூன்று கிலோ ஏறும்? எந்திரம் கெட்டுவிட்டது என்று மகளை ஏறி நிற்கச் சொன்னாள். மகளுக்குச் சரியாகக் காட்டியது. மகள் கிளம்பிப் போனதும் அம்சவல்லி கட்டிலில் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்தாள். குழி விழுந்தது. எண்ணத் தொடங்கினாள். இருபது வரைக்கும் எண்ணியும் குழி நிரம்பவில்லை.

உடம்பில் நீர் கோத்தால் விழும் அந்தக் குழியை அவளுக்கு நன்றாகத் தெரியும். டயாலிசிஸ் நாட்களில் வாரத்துக்கு மூன்று முறை பார்த்த குழி. வலது அடிவயிற்றில், புதுச் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் கை வைத்தாள். கல்லாட்டம் இறுகியிருந்தது. தொட்டால் வலித்தது. நேற்றிலிருந்து சிறுநீரும் சரியாகப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வயலுக்கு நடந்தாள்.

சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரியத் தண்ணீரில் நின்றது. நெடுமாறன் வடிகாலில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கத்தினான். "யேய், சேத்துல ஏன் எறங்குற? கால்ல ஏதாவது குத்திச்சுன்னா என்னாவறது? டாக்டர் என்ன சொல்லிருக்காங்க?"

"ஏங்க, நான் ஒரு மாத்திரய நிறுத்திட்டேன்."

"எத?"

"காலைல போடற வெள்ள மாத்திர. எனக்குச் சுகர் வந்துடுச்சுங்க. அந்த மாத்திரயாலதான் வந்துச்சுன்னாங்க. ஒங்க கிட்னி கெட்டுடக் கூடாதுன்னு..."

"எப்பலேருந்து?"

"பாதி பாதியா ஒம்பது நாள். முழுசா இருவத்து மூணு நாளா."

"ஒண்ணுக்குப் போறியா?"

"நேத்துலேருந்து சரியாப் போவல."

நெடுமாறன் முகத்தில் அவள் அதற்கு முன் அப்படியொரு வெளிறலைப் பார்த்ததில்லை. மண்வெட்டி தண்ணீரில் விழுந்ததைக் கவனிக்காமல் கரையேறினான். மன்னார்குடி வரைக்கும் பைக்கில், அங்கிருந்து தஞ்சாவூர் வரைக்கும் பஸ்ஸில், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஒன்பது. அன்றைக்கே படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் அஃப்ரீன் கட்டிலோரம் வந்து நின்றார்.

"உடம்பு கிட்னியைத் தள்ள ஆரம்பிச்சிருக்கும்மா. இன்னிலேருந்து மூணு நாள் நரம்பு வழியா மருந்து ஏத்தணும். அது என்ன மருந்து தெரியுமா? நீங்க நிறுத்தினீங்கள்ல, அந்த இனம்தான். நூறு மடங்கு."

"அப்ப சுகர் டாக்டர்?"

"ஏறும். பயங்கரமா ஏறும். அதை இன்சுலின் வச்சு இறக்குவோம். ரெண்டையும் சேர்த்துத்தான் பிடிச்சாகணும்மா. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் பிடிக்க முடியாது."

"காப்பாத்திடலாமா டாக்டர்?"

"பார்க்கலாம்மா" என்றார்.

அந்த மூன்று நாளைப் பற்றி அம்சவல்லி பிறகு யாரிடமும் விரிவாகப் பேசியதில்லை. மணிக்கொரு தரம் விரலைக் குத்தினார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் நானூற்று அறுபது. ஒரு கையில் சர்க்கரையை ஏற்றும் மருந்து இறங்கியது, இன்னொரு கையில் அதை இறக்கும் மருந்து. வாய் கரிக்கட்டையாகக் காய்ந்தது. கண்ணை மூடினால் அப்பாவின் கட்டுப்போட்ட கால் வந்தது. கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையைத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு விரற்கடை அளவுதான் இருந்தது. அது ஏறுகிறதா என்று பார்ப்பதைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறு வேலை இல்லை.

நெடுமாறன் மருந்து வாங்கி வந்தான், துணியை அலசினான், ரத்தக் குழாயை ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். பேச மட்டும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அவளுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினான்.

"ஒங்க கிட்னின்னு சொன்னியே வயல்ல. அது எப்படி என்னுது? குடுத்தாச்சு. ஒன்னுது அது. நான் என்ன எரவலா குடுத்தேன், திருப்பிக் கேக்க?"

"ஒங்க அக்கா சொன்னது..."

"எங்க அக்கா எதயாவது சொல்லும். நீ என்கிட்ட கேட்டியா?" தட்டைக் கீழே வைத்தான். "நானும் ஒன்கிட்ட ஒண்ணு மறைச்சேன். சொல்லிடறேன். ஆபரேஷனுக்கு அப்பறம் மாசாமாசம் மன்னார்குடியில தனியாப் போயி எனக்கு ரத்தம் பாக்கறேன். இருக்கறது ஒண்ணுதானேன்னு பயம். இடுப்புல லேசா வலிச்சாக்கூடக் கெதக்குன்னு இருக்கும். ஒன்கிட்ட சொன்னா நீ நொந்து போவேன்னு சொல்லல."

அம்சவல்லி அவனையே பார்த்தாள். இத்தனை மாதமும் ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"எவ்வளவு இருக்கு ஒங்களுக்கு?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு. நல்லாத்தான் இருக்குன்னாங்க."

"அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போங்க."

நாலாம் நாள் பையில் கால் லிட்டர் இருந்தது. ஐந்தாம் நாள் முக்கால். கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஒன்று, பிறகு ஒன்று புள்ளி எட்டு என்று இறங்கியது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பழைய ஒன்று புள்ளி ஒன்று அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. அது அவள் செய்த செயலின் தழும்பு என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

போகுமுன் வானதி என்ற நர்ஸ் இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாள். தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, ஆபரேஷன் தழும்புப் பக்கம் போகாமல், தினமும் இடத்தை மாற்றி. ஊசி பிடித்துப் பழகிய கை என்பதால் அம்சவல்லிக்கு அது சுலபமாக வந்தது. சோறு பற்றித்தான் அவளுக்குப் பயம்.

"நெல்லு வெளையிற ஊருங்க எங்களுது. சோத்த அடியோட விட்டுடட்டுங்களா?"

"யாரு விடச் சொன்னா? ஒரு கப் வச்சுக்குங்க. மூணு வேளையும் அதே அளவு, அதே நேரம். காயும் பருப்பும் தட்டுல பாதி இருக்கட்டும். பட்டினி மட்டும் கெடக்காதீங்க, ஊசி போட்டுட்டுப் பட்டினி கெடந்தா ஆளயே சாய்ச்சிடும். அப்பறம், ஸ்டீராய்டு மாத்திரய டாக்டர் குறைக்கறப்பல்லாம் அன்னிக்கே எனக்குப் போன் போடுங்க. இன்சுலினயும் குறைக்கணும். மறந்துடாதீங்க."

தை மாதம் கடைசியில் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அன்றைக்கே போன் போடவேண்டும். ஆனால் வயலில் அறுப்பு. மழையில் தப்பிய பயிரை அறுக்க நெடுமாறன் மிஷினோடு இறங்கியிருந்தான். ஆட்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் வேலையில், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாளும் விட்டுப்போனது. அவளுடைய மத்தியானச் சாப்பாடும் அன்று தள்ளிப்போனது.

மூன்றரை மணிக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவளுக்குக் குப்பென்று வேர்த்தது. கை உதறியது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. கருவியைத் தேடி எடுத்து விரலைக் குத்துவதற்குள் இரண்டு முறை ஊசி கைநழுவியது. நாற்பத்தாறு.

இத்தனை நாள் ஏறுகிற எண்ணைக் கண்டுதான் அவள் பயந்திருந்தாள். இறங்கிய எண்ணும் ஆளைக் கொல்லும் என்று வானதி சொன்னது நினைவுக்கு வந்தது. நெடுமாறனுக்குப் போன் போட்டாள். அறுவடை மிஷின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. சர்க்கரை தின்னவேண்டும். ஆனால் வீட்டில் சர்க்கரை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே டப்பாவோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அவ்வளவு பயம் அதன்மேல்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கால் மடிந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். பொங்கலுக்கு மகள் வாங்கி மிச்சம் வைத்த அச்சுவெல்லம் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் காகிதத்தில் இருந்தது. இரண்டு அச்சை வாயில் போட்டு மென்று, தண்ணீரைக் குடித்து, சுவரில் சாய்ந்துகொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பதினைந்து நிமிஷம் அவள் வாழ்க்கையிலேயே நீளமானது. குத்திப் பார்த்தாள். அறுபத்தெட்டு. இன்னொரு அச்சு. தொண்ணூற்று நாலு. சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வானதிக்குப் போன் செய்தாள். வானதி திட்டிவிட்டு, மறுநாளிலிருந்து எத்தனை யூனிட் குறைக்கவேண்டும் என்று சொன்னாள்.

நெடுமாறன் தூசியும் வைக்கோலுமாக வந்து சேர்ந்தபோது அவள் எதையும் மறைக்கவில்லை. எல்லா எண்களையும் கருவியிலேயே காட்டினாள். அவன் மறுநாள் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வந்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, சமையலறையில் ஒன்று, தையல் மிஷின் டிராயரில் ஒன்று, அவள் கைப்பையில் ஒன்று, பைக் பெட்டியில் ஒன்று என்று வைத்தான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்சவல்லி இப்போதும் தைக்கிறாள். காலையில் ஊசி, ஒன்பது மணிக்கு மாத்திரை, மத்தியானம் ஒரு கப் சோறு, நாலு மணிக்கு விரல். பயம் போய்விட்டதா என்று தமிழ்நிலா ஒருமுறை கேட்டாள். "எங்க போவும்?" என்றாள் அம்மா. எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறும் ஒவ்வொரு காலையும் அவளுக்கு ஒரு கணம் மூச்சு நின்றுதான் வருகிறது.

போன மாதம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே தஞ்சாவூர் போய் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு போனில் வரும் என்றார்கள். பஸ் நிலையத்தில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. இரண்டு பேரும் தின்பதை நிறுத்தினார்கள்.

"நீங்க பாருங்க" என்றாள்.

"நீயே பாரு."

அவள்தான் திறந்தாள். முதலில் அவனுடையது. பிறகு தன்னுடையது. சத்தமாகவே படித்தாள்.

"ஒங்களுக்கு ஒண்ணு புள்ளி ரெண்டு. எனக்கு ஒண்ணு புள்ளி அஞ்சு. சாப்பிட்டப்பறம் நூத்து அறுவத்தெட்டு."

"சரி, ஏறு" என்றான் நெடுமாறன். மன்னார்குடி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.